கத்திக்கு வேலை இல்லாத கழலை

பாத்தாலஜி டாக்டர் என்றால் மைக்ராஸ்கோப்புக்குப் பின்னால் ஒளிந்திருப்பவர், நோயாளியின் முகம் பார்க்காதவர் என்று ஓர் எண்ணம் உண்டு. நம் அரசு ஆஸ்பத்திரிகளைப் பொறுத்தவரை அது பாதிதான் சரி. கட்டியில் ஊசி செருகி செல்களை உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. அறை எங்கள் பொறுப்பு. தென்மாவட்டத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி அந்த அறையில்தான் போனது. காலையிலேயே ஓ.பி. சீட்டோடு வரிசை நிற்கும். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தைராய்டு.

அவற்றில் முக்கால்வாசி சாதுவானவை. கொலாய்டு கழலை, ஹஷிமோட்டோ அழற்சி, எப்போதாவது ஒரு பாப்பில்லரி புற்றுநோய். இந்தக் கூட்டத்துக்குள் மிக அரிதாக வேறொன்று வரும். தைராய்டுக்குள்ளேயே தோன்றுகிற லிம்போமா, அதாவது லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணுக்களின் புற்றுநோய். தைராய்டு புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது. ஒன்றைக்கூடப் பார்க்காமல் எம்.டி. முடித்துப் போன மாணவர்கள் எனக்கு உண்டு. இருந்தும் இதைப் பற்றி எழுதக் காரணம், பார்த்த மாத்திரத்தில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று தோன்றுகிற நோயாளி குணமாகி நடந்து வீட்டுக்குப் போகிற நோய் இது. அந்த வாய்ப்பு கைநழுவுவதும் பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான்.

அவர்கள் வருகிற விதம் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். அறுபது தாண்டிய பெண். ஆண்களுக்கும் வரும், ஆனால் ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண்கள் என்ற விகிதம். பல வருடமாகக் கழுத்தில் சின்ன வீக்கம் இருந்திருக்கும், அல்லது தைராய்டு மாத்திரை சாப்பிட்டு வந்திருப்பார். அது சில வாரங்களில் மளமளவென்று வளர்ந்து கழுத்தை அடைத்துவிட்டிருக்கும். எத்தனை நாளாக என்று கேட்டால் நம் ஜனங்கள் தேதி சொல்ல மாட்டார்கள். "பேத்தி காதுகுத்துல எடுத்த போட்டோவுல கழுத்து நல்லாத்தான் இருக்கு தாயி. ஆடி கழிஞ்சப்புறம்தான் இப்பிடி" என்பார்கள். தேதியைவிட நம்பகமான கணக்கு அது. பிற்காலத்தில், கூட வந்த மகனின் செல்போனை வாங்கி, இரண்டு மாதத்துக்கு முந்தைய விசேஷப் படங்களில் அந்தக் கழுத்தைத் தேடிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. மாணவர்கள் சிரிப்பார்கள். வேறு எந்தத் தைராய்டு கட்டியும் இந்த வேகத்தில் வளர்வதில்லை, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து சாப்பாட்டைப் பற்றிக் கேட்பேன். சோறு இறங்குகிறதா, கஞ்சிதானா? பிறகு தூக்கம். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, சுவரில் சாய்ந்தே தூங்குகிறேன் என்றால் கட்டி மூச்சுக்குழாயை நெருக்குகிறது என்று பொருள். சிலருக்குக் குரல் கம்மியிருக்கும். சிலர் மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு கீச்சொலி வரும். வரிசையில் அந்தச் சத்தம் கேட்டால் அவர்களைத்தான் முதலில் உள்ளே கூப்பிடுவேன். லிம்போமா என்றதும் மாணவர்கள் ஒப்பிக்கிற இரவு வேர்வை, காய்ச்சல், எடை இறக்கம் எல்லாம் தைராய்டில் சிலருக்குத்தான் இருக்கும். இல்லை என்பதற்காக நோயைத் தள்ளிவிட முடியாது.

ஊசி போடும் கைக்கு ஒரு அனுபவம் சேரும். பிறகு சொல்கிறேன் என்ற அந்த இன்னொரு கட்டியில் ஊசி கல்லில் இடிப்பதுபோல நிற்கும். லிம்போமாவில் ரப்பருக்குள் போகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போகும், உறிஞ்சினால் நிறையவே வரும். ஜீம்சா சாயம் போட்டு லென்ஸ் வழியாகப் பார்த்தால் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தரையில் கொட்டிய கடுகாகத் தனித்தனியே சிதறிக் கிடக்கும். இடையிடையே வெளிர்நீலத் துணுக்குகள் தெரியும். அவை லிம்ஃபோசைட்டுகளிலிருந்து உதிர்ந்த சைட்டோபிளாசத் துண்டுகள். அந்த நீலத் துணுக்கு கண்ணில் பட்டால் நான் உடனே வார்டுக்குப் போன் செய்வேன்.

தவிர்த்துச் சொன்ன அந்த ஒன்று அனபிளாஸ்டிக் புற்றுநோய். அதே வயது, அதே வேகம், அதே மூச்சுத்திணறல். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அனபிளாஸ்டிக் வந்தவர்களில் பலர் அரை வருடம் தாண்டுவதில்லை. 2018க்குப் பிறகு, குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு மாத்திரை இருக்கிறது. நான் சொல்லப்போகும் காலத்தில் அதுவும் கிடையாது.

1990களின் நடுப்பகுதி. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த ஒரு அம்மா. வெளியே ஒரு லேபில் அனபிளாஸ்டிக் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வார்டிலும் மகன்களிடம் சூசகமாகச் சொல்லியாகிவிட்டது. வீட்டுக்குக் கூட்டிப் போக வேன் பேசி வைத்திருந்தார்கள். சர்ஜரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையனுக்கு மனசு கேட்கவில்லை. அந்த ஸ்லைடைக் கொண்டுவந்து, "மேடம், ஒரு தடவை பாத்துருங்க" என்றான். செல்கள் பெரிதாக, கோரமாகத்தான் இருந்தன. ஆனால் ஒன்றும் ஒட்டவில்லை. நீலத் துணுக்குகள் இருந்தன. யூனிட் சீஃபிடம் போய், கொஞ்சம் சதை எடுத்துத் தாருங்கள் என்று கேட்டேன்.

"முடிஞ்சுபோன கேசும்மா. அறுத்து என்ன பண்ணப்போற?"

"அறுக்க வேண்டாம் சார். மரத்துப்போக ஊசி போட்டு, நடுக்கழுத்துல ஒரு சின்னத் துண்டு. லிம்போமாவா இருந்தா பொழைச்சுக்குவாங்க."

முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். நல்ல மனிதர். செல்லின் வம்சத்தை ஆன்டிபாடி மூலம் காட்டும் இம்யூனோ சாயங்கள் அப்போது எங்கள் துறையில் கிடையாது. அந்தத் துண்டைப் பதித்த மெழுகு பிளாக்கைச் சின்ன டப்பாவில் போட்டு, மூத்த மகனிடம் கொடுத்து, ராத்திரி பஸ்ஸில் சென்னைக்கு அனுப்பினோம். ஒரு வாரத்துக்கு மேல் காத்திருந்தோம். லிம்ஃபோசைட் வம்சத்தைக் காட்டும் எல்.சி.ஏ. சாயம் ஏறியிருந்தது. தைராய்டின் சொந்தச் செல்களில் கிளம்பும் புற்றுக்குரிய கெரட்டின் சாயம் ஏறவில்லை. லிம்போமாதான். முதல் சுற்று கீமோ முடிந்து இரண்டாவது வாரத்தில் அவருடைய கழுத்தெலும்பு வெளியே தெரிந்தது. இட்லி சாப்பிட்டார். பிறகு பல வருடம் தைராய்டு மாத்திரை வாங்க ஓ.பி.க்கு வரும்போதெல்லாம் என் அறைக்கும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

இந்தக் குழப்பம் எங்கள் ஊரோடு நின்றதல்ல. பழைய பாடநூல்களில் தைராய்டு அனபிளாஸ்டிக் புற்றுநோயைப் பெரிய செல் வகை, சிறிய செல் வகை என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள். சிறிய செல் வகைக்காரர்களில் சிலர் ரேடியேஷன் கொடுத்ததும் ஆச்சரியப்படும்படி பிழைத்துக்கொள்வார்கள். கோஹ்லரும் மில்ஸ்டைனும் 1975இல் கண்டுபிடித்த மோனோகுளோனல் ஆன்டிபாடி முறை பாத்தாலஜிக்குள் நுழைந்த பிறகு பழைய பிளாக்குகளை எடுத்துச் சாயமேற்றிப் பார்த்தார்கள். அந்தச் சிறிய செல்காரர்களில் பெரும்பாலோருக்கு இருந்தது லிம்போமா. அந்த வகையே பாடநூல்களிலிருந்து காணாமல் போனது.

தைராய்டில் இயல்பாக லிம்ஃபோசைட் கூட்டம் கிடையாது. பிறகு லிம்போமா எங்கிருந்து வருகிறது? ஜப்பானில் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற இளம் சர்ஜன் 1912இல் நான்கு பெண்களின் தைராய்டுகளைப் பற்றி ஒரு ஜெர்மன் பத்திரிகையில் எழுதினார். சுரப்பி முழுக்க லிம்ஃபோசைட்டுகள் குடியேறியிருந்தன. எழுதியவர் பிறகு சொந்த ஊரான இகாவுக்குப் போய் ஊர் டாக்டராகவே இருந்து 1934இல் டைபாய்டில் இறந்துபோனார். தன் பெயர் உலகம் முழுக்க லேப் ரிப்போர்ட்டுகளில் ஏறப்போவது அவருக்குத் தெரியாது. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பியையே தாக்கும் நோய் அது. வருடக்கணக்காக அங்கே தங்கிப் பெருகும் பி-லிம்ஃபோசைட்டுகளில் ஏதோ ஒன்று கட்டுப்பாட்டை மீறி ஒரே வம்சமாகப் பெருக ஆரம்பிப்பதுதான் லிம்போமா. 1985இல் ஸ்வீடனிலிருந்து வந்த ஆய்வொன்று, ஹஷிமோட்டோ உள்ளவர்களுக்குத் தைராய்டு லிம்போமா வாய்ப்பு 67 மடங்கு என்றது.

இந்த எண்ணைப் படித்துவிட்டு, காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் சாப்பிடுகிற யாரும் பயப்பட வேண்டாம். மிக மிகச் சிறிய ஒன்றை 67ஆல் பெருக்கினாலும் அது சிறியதாகத்தான் இருக்கும். என் அறைக்கு வந்த ஹஷிமோட்டோ கழுத்துகளுக்குக் கணக்கு வைக்க முடியாது. லிம்போமா வந்தவர்களை என்னால் நினைவிலிருந்தே சொல்ல முடியும்.

பாத்தாலஜிக்காரருக்கு உண்மையான தலைவலி மூர்க்கமான லிம்போமா அல்ல, சாதுவான வகைதான். இங்கிலாந்தில் ஐசக்ஸனும் ரைட்டும் 1983இல் அடையாளம் காட்டிய மால்ட் லிம்போமா, ஹஷிமோட்டோ அழற்சியின் நடுவிலேயே மெதுவாக வளரும். ஊசியில் வருகிற செல்களைப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பிதான். திசுவில் பார்க்கும்போதுதான், லிம்ஃபோசைட்டுகள் தைராய்டின் நுண்பைகளுக்குள்ளேயே புகுந்து அடைத்துக்கொண்டிருப்பது தெரியும். அவை எல்லாம் ஒரே வம்சமா என்று பார்க்க, கப்பா, லாம்டா என்ற இரண்டு புரதங்களைச் சோதிப்போம். அழற்சியில் இரண்டும் கலந்திருக்கும். லிம்போமாவில் ஏதாவது ஒன்றின் ராஜ்ஜியம்தான். ஃப்ளோ சைட்டோமெட்ரி வந்த பிறகு ஊசியில் எடுத்த செல்களிலேயே இதைப் பார்க்க முடிகிறது. ஆனால் நோயாளி எதிரே இருக்கும்போதே சந்தேகப்பட்டு, இன்னொரு ஊசி போட்டு, அதற்கான திரவத்தில் செல்களைச் சேகரித்திருக்க வேண்டும். சாயங்காலம் ஸ்லைடைப் பார்த்துவிட்டு நினைத்துக்கொண்டால் அந்த அம்மா பஸ் ஏறிப் போயிருப்பார்.

ஸ்கேனும் இந்த நோயில் ஏமாற்றும். லிம்போமாவில் செல்கள் நெருக்கமாக, நார் இல்லாமல் அடைந்திருப்பதால் ஒலியலைகள் தடையின்றி ஊடுருவிப் போகும். திரையில் கன்னங்கரேலென்று, நீர் கோத்த கட்டி மாதிரியே தெரியும். "நீர்க்கட்டி, உறிஞ்சி எடுக்கவும்" என்று எழுதிய சீட்டோடு ஒருவர் வந்தார். பெரிய ஊசியாகப் போட்டேன். ஒரு சொட்டு நீர் வரவில்லை. ஊசி நுனியில் இருந்ததை ஸ்லைடில் தட்டினேன், முழுக்க லிம்ஃபோசைட். ஸ்கேன் டாக்டரைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். அதன் பிறகு அவர் அனுப்பிய சீட்டுகளில், "நீர்க்கட்டி போலத் தெரிகிறது, லிம்போமா இல்லை என உறுதி செய்யவும்" என்ற வரி இருக்கும். இருவருக்கும் லாபம்.

எனக்கு ஆற்றாமை ஏற்படுத்தியது ஸ்டீராய்டு. மூச்சுத்திணறலோடு வருகிறவருக்கு வழியில் ஒரு கிளினிக்கில் டெக்ஸாமெத்தசோன் போட்டுவிடுவார்கள். லிம்போமா செல்களை ஸ்டீராய்டு நேரடியாகவே கொல்லும். கீமோவில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சேர்வதும் அதனால்தான். இரண்டு மூன்று நாளில் கட்டி பாதியாகிவிடும். குடும்பத்துக்கு அந்த டாக்டர் தெய்வமாகிவிடுவார். இந்த நிலையில் எங்களிடம் வந்து சதை எடுத்தால் செத்த செல்களும் நாரும்தான் இருக்கும். லிம்போமா என்ற சந்தேகத்தை வைத்துக்கொண்டு கீமோ ஆரம்பிக்க எந்தப் புற்றுநோய் டாக்டரும் துணிய மாட்டார். ஊசியின் வேகம் குறைந்ததும் கட்டி திரும்ப வளரும் என்று காத்திருப்பதுதான் மிச்சம். சிலர் அந்த இடைவெளியில் சரியாகிவிட்டது என்று நம்பி ஊருக்குப் போய்விடுவார்கள். ஒருவர் திரும்பி வந்தபோது நோய் கழுத்தைத் தாண்டி வயிறு வரை இறங்கியிருந்தது.

மூச்சு நிற்கப்போகிறது என்றால் ஸ்டீராய்டு போடத்தான் வேண்டும், அதில் மறுபேச்சில்லை. அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தைத்தான் நான் கேட்டது. கோர் பயாப்சி கன் எங்களுக்கு வந்த பிறகு இது எளிதானது. நடு ராத்திரியில் வார்டிலிருந்து அழைப்பு வந்தால், தலைமாட்டை உயர்த்தி, ஆக்சிஜன் வைத்தபடியே, அல்ட்ராசவுண்டில் பார்த்து நான்கைந்து நூல் துண்டுகளை எடுத்து ஃபார்மலினில் போடுவோம். அடுத்த நிமிடம் ஸ்டீராய்டு ஏறும். நர்ஸ்களுக்கே இந்த வரிசை மனப்பாடம். டியூட்டி டாக்டர் புதியவராக இருந்தால், "சார், பீஸ் எடுத்தாச்சா?" என்று அவர்களே கேட்பார்கள்.

சர்ஜன்களின் மனம் மாறியதுதான் நான் கண்ட பெரிய மாற்றம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கட்டி என்றால் எடுக்க வேண்டும், முழுதாக வராவிட்டால் முடிந்தவரை செதுக்க வேண்டும். லிம்போமா மூச்சுக்குழாயைச் சுற்றி வளைத்துக்கொண்டு எல்லாவற்றோடும் ஒட்டிக் கிடக்கும். செதுக்கப் போனால் குரல் நரம்பு போகும். கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டும் போகும். அமெரிக்க மேயோ கிளினிக்கிலிருந்து 1992இல் ஒரு கட்டுரை வந்தது. பயாப்சியோடு நிறுத்திக்கொண்டவர்களைவிட, கட்டியைச் செதுக்கி எடுக்கப்பட்டவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை என்றது. அதை நான் டியூமர் போர்டில் வாசித்தபோது ஒரு மூத்த சர்ஜன், "அப்ப எங்களை எதுக்கும்மா கூப்பிட்டீங்க?" என்றார். துண்டு எடுத்துத் தர, மூச்சு அடைத்தால் வழி செய்ய என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஓய்வு பெறுவதற்குள், தன் மாணவர்களுக்கு அவரே அதைத்தான் சொல்லிக்கொடுத்தார். சிறியதாக, தைராய்டுக்குள்ளேயே அடங்கிய மால்ட் வகைக்கு மட்டும் அறுவை சிகிச்சைக்கு இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. அதிலும் பலருக்கு 24 முதல் 30 கிரே வரையான மிதமான ரேடியேஷனே போதும்.

மூர்க்கமான வகைதான் பாதிக்கு மேல். பெரிய பி-செல்கள் பரவலாக நிறைந்திருக்கும் லிம்போமா அது. அதற்கு 1970களிலிருந்து இருப்பது சாப் என்கிற நான்கு மருந்துக் கூட்டு, 21 நாளுக்கு ஒரு முறை. அதில் ஒன்று சிவப்பு நிற டாக்ஸோரூபிசின். நோயாளிகள் அதைச் "செவப்பு ஊசி" என்பார்கள். இதயத்தைப் பதம் பார்க்கும் என்பதால் முதலில் எக்கோ எடுப்பார்கள். வயதான அம்மாக்களுக்கு அது பெரிய சுமை. 1997இல் அமெரிக்காவில் ரிடுக்ஸிமாப் வந்தது. பி-செல்லின் மேல் இருக்கும் சிடி20 என்ற புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி. சாப்போடு இதைச் சேர்த்தால் வயதானவர்களும் கூடுதலாகப் பிழைக்கிறார்கள் என்று 2002இல் பிரெஞ்சு மருத்துவர்கள் காட்டினார்கள். எங்களுக்கோ அது பேப்பரில் படிக்கிற மருந்துதான். நான் ரிப்போர்ட்டில் "சிடி20 பாசிட்டிவ்" என்று எழுதுவேன். அதை வைத்து என்ன செய்ய என்று கீமோ டாக்டர் கசப்பாகச் சிரிப்பார். 2007இல் ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ் அதன் பயோசிமிலரை வெளியிட்ட பிறகுதான் விலை இறங்கத் தொடங்கியது. 2009இலும் 2012இலும் தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டங்கள் வந்தன. நகையை அடகு வைத்துவிட்டு வந்து நிற்கிற மகன்களின் எண்ணிக்கை அதன் பிறகு குறைந்தது.

சிகிச்சை தொடங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. கட்டி வேகமாக உடைந்தால் அதன் கழிவுகள் சிறுநீரகத்தை அடைத்துவிடும் என்பதால் சலைனும் அல்லோப்யூரினாலும் முன்கூட்டியே தருவார்கள். ரிடுக்ஸிமாப் தருவதற்கு முன் ஹெப்படைட்டிஸ் பி பரிசோதனை கட்டாயம். உடலில் உறங்கிக் கிடக்கும் வைரஸை அந்த மருந்து எழுப்பிவிடும். நோய் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்க, இடுப்பெலும்பில் துளையிட்டு மஜ்ஜை எடுப்போம். இப்போது பெட் ஸ்கேன் அந்த வேதனையைப் பலருக்குத் தவிர்த்துவிடுகிறது. நோய் கழுத்தோடு நின்றிருந்தால் கீமோ சுற்றுகளைக் குறைத்து ரேடியேஷனைச் சேர்ப்பதும் உண்டு. முடிந்த பிறகு பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்கத் தைராக்சின் தேவைப்படும். அது ஒரு குறையே இல்லை.

அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேடுகளை வைத்து 2009இல் வெளியான கணக்குப்படி, மூர்க்கமான வகையில் நான்கில் மூன்று பேர் ஐந்து வருடத்துக்குப் பிறகும் இந்த நோயால் இறக்காமல் இருந்தார்கள். மால்ட் வகையில் ஏறக்குறைய எல்லோருமே. அந்தக் கணக்கில் உள்ளவர்களில் பலர் ரிடுக்ஸிமாப் இல்லாத காலத்தவர்கள்.

ஆகவே கழுத்துக் கட்டி வாரக்கணக்கில் வளர்ந்தால், "வயசாயிடுச்சு, கஷ்டப்படுத்த வேண்டாம்" என்று யார் சொன்னாலும் திசுப் பரிசோதனை செய்யாமல் வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள். ஸ்டீராய்டு போடுவதற்கு முன் சதை எடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு மாறும்போது ரிப்போர்ட் காகிதத்தோடு நிற்காமல் ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். எழுதிக் கேட்டால் லேபில் கொடுப்பார்கள். வெயில் படாமல் வைத்திருந்தால் அந்த பிளாக் பல வருடம் கெடாது. எந்த ஊரிலும் அதிலிருந்து புதிதாகச் சாயமேற்றிப் பார்க்க முடியும்.